சொல்லக்கூடாத எண்

பத்ரிநாராயணன் முப்பது வருஷத்துக்கு மேல் செத்துப்போனவர்களைப் பற்றி விசாரித்துச் சம்பளம் வாங்கியவர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் விசாரணை அவருடைய வேலை. பாலிசி எடுத்த கையோடு யாராவது இறந்துபோனால் அந்த வீட்டுக்கு அவரை அனுப்புவார்கள். துக்கம் கேட்க வந்தவர் மாதிரி உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "எப்போலேர்ந்து முடியாம இருந்தார்?" என்று மெதுவாக ஆரம்பிப்பார். எழுந்து வரும்போது அந்த மனிதருக்கு நிஜமாகவே என்ன வியாதி, யார் எதை மறைத்தார்கள் என்பதெல்லாம் அவர் கையில் இருக்கும். ரிட்டயரான பிறகும் அந்தப் புத்தி அவரை விடவில்லை. மந்தைவெளி மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்காரி கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தால், இன்றைக்குத் தராசில் ஏதோ இருக்கிறது என்று நினைப்பார்.

ரிட்டயரான மறு வருஷம் அவருக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தின் ஒரு பக்கம் செத்துப்போய், மிச்சம் இருந்த பக்கம் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்து தளர்ந்துகொண்டிருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு இரைத்தது. சாயங்காலமானால் கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. அடையாறில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இவரைப் போன்றவர்களுக்கென்று மாதாமாதம் தனியாக ஒரு கிளினிக் நடத்தினார்கள். அதற்குப் போக ஆரம்பித்தார். அது தொண்ணூற்றெட்டாம் வருஷம்.

அங்கே டாக்டர் ஸ்ரீலக்ஷ்மிதான் அவரைப் பார்த்தாள். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். வேகமாகப் பேசுவாள், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடமாட்டாள். மூன்றாவது மாதம் போனபோது, ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, சேர்ந்துகொள்ள இஷ்டமா என்று கேட்டாள்.

"இதயம் கஷ்டப்படும்போது அதோட சுவர்லேருந்தே ஒரு பொருள் ரத்தத்துல கலக்குது சார். எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு கலக்கும். அதை அளந்து பார்த்தா, யாருக்கு உடம்பு மோசமாகப் போகுதுன்னு முன்னாடியே சொல்ல முடியுமா, அதைத்தான் பார்க்கறோம். வழக்கமா எடுக்கற ரத்தத்தோட இன்னும் ஒரு ட்யூப், அவ்வளவுதான்."

"அளந்துட்டு எங்கிட்ட சொல்லுவேளா?"

"மாட்டோம் சார். ஒரு வருஷம் முடியற வரைக்கும் யாருக்கும் கிடையாது. எங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சா அதைப் பார்த்து நாங்க மருந்தை மாத்திடுவோம். அப்புறம் அந்த எண் சரியாச் சொன்னதா, தப்பாச் சொன்னதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

பத்ரிநாராயணன் கையெழுத்துப் போட்டார். நம்பிப் போடவில்லை. ஒன்றை மூடி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு வெளியே நிற்பதைவிட உள்ளே இருப்பது மேல் என்று தோன்றியது.

அன்றிலிருந்து அவருக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. மற்ற ட்யூப்களையெல்லாம் நர்ஸ் ஒரு மரத்தட்டில் அலட்சியமாகச் செருகுவாள். அந்த ஒரு ட்யூபை மட்டும் உடனே ஐஸ் நிரப்பின பெட்டிக்குள் வைத்து மூடுவாள். லேப் பெண் ரத்னா அதை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடுவாள். அது எங்கே போகிறது என்று கேட்டால், "ஃப்ரீசருக்கு சார்" என்பாள். எப்போது அளப்பீர்கள் என்று கேட்டால், "பெரிய டாக்டரைக் கேளுங்க." பெரிய டாக்டர் வெங்கடரமணன் இருதயப் பிரிவின் தலைவர். அவரைப் பார்க்கவே முடியாது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டு போவது மட்டும் தெரியும்.

காத்திருக்கும் பெஞ்சில் பத்ரிநாராயணனுக்குப் பக்கத்தில் எப்போதும் உட்காருகிறவன் கபாலி. ஆட்டோ ஓட்டுகிறவன். கோட்டூர்புரம் பாலத்துக்குக் கீழே ஆற்றோரக் குடிசைகளில் வீடு. ஐம்பது வயது, கட்டை குட்டையான ஆள். அவனுக்கும் இதய பலவீனம்தான், ஆனால் பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். கால் வீக்கம் இல்லை, இருமல் இல்லை. கிளினிக் முடிந்ததும் பத்ரிநாராயணனை அவனே மந்தைவெளியில் கொண்டுவந்து விடுவான்.

"இன்னா சார், ரோசனையாவே கீறே?" என்பான் வழியில். "நம்ம ரத்தத்த வித்துகினு கீறாங்க, அவ்ளோதான். ஒரு ட்யூபு ரத்தம் போனா போவுது, வுடு."

பத்ரிநாராயணனுக்கு ரத்தம் போவதைப் பற்றிக் கவலை இல்லை. அவர் நினைத்தது வேறு. அளந்து வைத்திருக்கிறார்கள். யார் சாகப்போகிறார்கள் என்று இவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல், சொன்னபடி சாகிறார்களா என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பாலம் உடைந்திருப்பது தெரிந்தும், எத்தனை வண்டி விழுகிறது என்று கரையில் நின்று பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மார்ச் மாதம் பெஞ்சில் இருந்த ஒரு பல்லாவரத்துக்காரர் மே மாதம் இல்லை. அவர் எண் என்னவாக இருந்திருக்கும்?

ஜூலை மாதம் அது நடந்தது. ஸ்ரீலக்ஷ்மி தன் அறையை விட்டு வெளியே வந்து நோயாளியைக் கூப்பிட்டதை அவர் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்கு வந்தாள். நேராகக் கபாலியின் முன்னால் நின்று, அவன் காலைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள்.

"கபாலி, நாளைக்கே வந்து அட்மிட் ஆயிடுங்க. நாலஞ்சு நாள் இருக்கணும்."

"எனுக்கு இன்னா மேடம்? சோக்கா கீறேன். நேத்து தாம்பரம் வரிக்கும் சவாரி போய்ட்டு வந்தேன்."

"எதுக்கும் பார்த்துடலாம். பணத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க, நான் பேசிக்கறேன்."

கபாலி தலையைச் சொறிந்தான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் ஆட்டோவில் ஏறினதும் வெடித்தான்.

"பார்த்தியா சார்? நல்லா கீற மனுசன இஸ்து படுக்க வெக்கிறாங்க. காசு வாணாம்ன்றாங்க. இன்னாத்துக்கு? எங்க தெருவுல ஒர்த்தன் இப்டித்தான், வயித்து வலின்னு எங்கியோ போய்ப் படுத்தான். ஒரு கிட்னியோட வந்தான். இப்போ தண்ணி கொடம் தூக்க முடில அவனால. நான் வரமாட்டேன் சார். இந்தப் பக்கமே வரமாட்டேன்."

பத்ரிநாராயணன் மனதில் ஓடியது ஒன்றுதான். அவள் எண்ணைப் பார்த்துவிட்டாள். யாருக்கும் தெரியாது என்று சொன்னது பொய்.

அதோடு இன்னொரு கேள்வியும் முளைத்தது. கபாலியைக் கூப்பிட்டாள். என்னை ஏன் கூப்பிடவில்லை? மூச்சு இரைப்பது எனக்கு. கால் வீங்குவது எனக்கு. எனக்கு ஆபத்தில்லை என்பதாலா, அல்லது கூப்பிட்டும் பிரயோஜனமில்லை என்பதாலா?

அந்த வாரம் ஒருநாள் அவர் கபாலீஸ்வரர் கோவில் குளத்தைச் சுற்றிவிட்டு வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார். கூடத்தில் அவர் மனைவி ஜானு டெலிபோனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். செருப்புச் சத்தம் கேட்டதும் சட்டென்று வைத்துவிட்டாள்.

"யாரு?"

"ராங் நம்பர்."

"ராங் நம்பர்கிட்ட இத்தனை நாழி என்ன பேச்சு?"

"ஏன்னா, காபி கலக்கட்டுமா?" என்று அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளின் முதுகையே பத்ரிநாராயணன் பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியானால் இவளுக்கும் தெரியும். இவளிடம் சொல்லிவிட்டார்கள். அன்று இரண்டு தரம் சாதம் போட்டதும், அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை திடீரென்று டிசம்பருக்கு வருகிறேன் என்று சொன்னதும் ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொண்டன.

ஆகஸ்ட் கிளினிக்குக்குக் கபாலி வரவில்லை. பத்ரிநாராயணன் தன் முறை வந்ததும் உள்ளே போய், கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"கபாலியோட எண்ணை நீங்க பார்த்துட்டேள்."

ஸ்ரீலக்ஷ்மி ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டப்போனவள் நிறுத்தினாள்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. நல்லா இருக்கறவனைக் கூப்பிட்டுப் படுக்கச் சொன்னேள். படுக்க வேண்டியவன் நான் பக்கத்துலேயே உட்கார்ந்திருந்தேன். எங்களை வெச்சு வேடிக்கை பார்க்கறேளா?"

அவள் ஸ்டெதஸ்கோப்பை மேஜைமேல் வைத்தாள். பிறகு, மறுக்கப்போகிறாள் என்று அவர் காத்திருந்த நேரத்தில், மறுக்காமல் பேசினாள்.

"வெளிநாட்டுலேருந்து அதை அளக்கற கிட் வந்தது சார். அது சரியா வேலை செய்யுதான்னு பார்க்க, ஃப்ரீசர்லேருந்து சும்மா நாலு ட்யூபை எடுத்து ஓட்டிப் பார்த்தோம். ட்யூப் மேல பேர் இருக்காது, குறிதான் இருக்கும். ஆனா குறி போட்டதே நான்தானே. ஒண்ணைப் பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நூறுக்குள்ள இருக்க வேண்டியது ஆயிரத்தைத் தாண்டி இருந்தது. மெஷின் தப்புன்னு நினைச்சு மறுபடியும் ஓட்டச் சொன்னேன். அதேதான்."

"என்னோடது?"

"அந்த நாலுல உங்களோடது இல்லை. சத்தியமாத் தெரியாது."

அவர் நம்பவில்லை. முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"நீங்க நம்ப வேண்டாம் சார். நான் செஞ்சது விதிக்கு விரோதம். பெரிய டாக்டருக்குத் தெரிஞ்சா என்னை இதுலேருந்து எடுத்துடுவார். ஆனா எண்ணைப் பார்த்துட்டு அவரை ஆட்டோ ஓட்ட அனுப்ப என்னால முடியலை. ஆள் அனுப்பினேன். அந்தத் தெருவுல கல்லெடுக்காத குறையா விரட்டிட்டாங்க. அவருக்கு ஒண்ணும் ஆகாமலும் போகலாம். இந்தப் பரிசோதனை சரிதானான்னே இன்னும் யாருக்கும் தெரியாதே."

பத்ரிநாராயணன் வெளியே வந்தார். நேரில் போய்ப் பார்க்காமல் அவர் எந்தக் கதையையும் ஏற்றுக்கொண்டது கிடையாது. இவள் சொல்வது உண்மையா, அல்லது எதையோ மூட இதைச் சொல்கிறாளா? கபாலியைப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மறுநாள் காலை கிளம்பினார். நீர் பிரிவதற்கான மாத்திரையைப் போட்டுக்கொள்ளவில்லை. வெளியே போகிற நாளில் அதைப் போட்டால் வழியெல்லாம் ஒதுங்க இடம் தேட வேண்டும். இப்படி அவர் அடிக்கடி விட்டுவிடுவதுண்டு, ஜானுவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். லைப்ரரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

கோட்டூர்புரத்தில் இறங்கி, பாலத்தடியில் சரிவில் இறங்கினார். ஆற்று நாற்றம் மூக்கில் ஏறியது. தண்ணீர் லாரிக்காக வரிசையாக வைத்திருந்த பிளாஸ்டிக் குடங்களைத் தாண்டிச் சந்துக்குள் நுழைந்தார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, நெற்றியில் திருமண். பத்தடி போவதற்குள் சந்து முழுக்க அவரைப் பார்த்தது.

"யார்ரா அது?"

"கபாலி வீடு எது? ஆட்டோ ஓட்டறவர்."

"இன்னாத்துக்கு?"

"ஆஸ்பத்திரியிலே பழக்கம்."

அந்த வார்த்தையைச் சொன்னதுதான் தப்பு. ஒரு வீட்டு வாசலில் துணி அலசிக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்தாள். கபாலியின் பெண்சாதி சுலோச்சனா. ஈரக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வழியை மறித்தாள்.

"தோ பாரு பெரியவரே, போன தபா வந்த பொம்பளைக்கே சொல்லி அனுப்ச்சேன். எம் புருசன் நல்லா கீறான். அவன் கிட்னி விக்கறதுக்கு இல்ல. எவ்ளோ கமிசன் ஒனுக்கு?"

"கமிஷனா? எனக்கா?"

"பின்ன? நாமம் போட்டுகினு வந்தா நம்பிடுவமா? புரோக்கருங்க எல்லாம் இப்ப ஒன்ன மாதிரிதான் வரானுங்க."

கூட்டம் சேர்ந்துவிட்டது. எத்தனையோ வீட்டு வாசல்களில் பத்ரிநாராயணன் மற்றவர்களைச் சந்தேகப்பட்டு நின்றிருக்கிறார். தன்னை ஒருவர் இப்படிப் பார்த்து அவருக்குப் பழக்கமில்லை. "நானும் நோயாளிதாம்மா" என்று சொல்ல ஆரம்பித்தார். பாதியில் மூச்சு நின்று நின்று வந்தது. மார்புக்குள் தண்ணீர் ஏறுகிற மாதிரி இருந்தது. இருமினார். இருமல் நிற்கவில்லை. பக்கத்துச் சுவரைப் பிடிக்கப் போய், கை வழுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயையோ, இன்னாடா இது!"

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து கபாலி வந்தான். லுங்கியும் பனியனுமாக, தூங்கி எழுந்த முகம்.

"ஏ சுலோ, இவரு நம்ம சாருடி! பெஞ்சுல பக்கத்துல குந்துவாருன்னு சொன்னேன்ல, அவரு!" குனிந்து அவர் முகத்தைப் பார்த்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. "சார், இன்னா சார், பேசு சார். தள்ளுங்கப்பா, காத்து வரட்டும்."

கபாலியும் இன்னொரு ஆளும் அவரைக் கைத்தாங்கலாகச் சரிவில் ஏற்றினார்கள். ஆட்டோவில் சுலோச்சனா அவரைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். சற்று முன் கமிஷன் கேட்டவள், முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "சீக்கிரம் போய்யா, சீக்கிரம் போய்யா" என்று கத்தினாள். அந்த இரைச்சலிலும், சரிவு ஏறிவிட்டு வண்டியைக் கிளப்பிய கபாலி வாயைத் திறந்து மூச்சு விடுவது பத்ரிநாராயணன் காதில் விழுந்தது. நல்லா இருக்கிறவன் அப்படி மூச்சு விட மாட்டான் என்று அவருக்குத் தெரிந்தது. சொல்லத்தான் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆக்ஸிஜன் வைத்து, ஊசி போட்டு, நீரை இறக்கினார்கள். சாயங்காலத்துக்குள் பேச்சு வந்துவிட்டது. கண்ணைத் திறந்து பார்த்தபோது பக்கத்துக் கட்டிலில் கபாலி படுத்திருந்தான். கையில் ஊசி, மார்பில் ஒயர்கள். கால்மாட்டில் சுலோச்சனா முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நடந்ததை அவள்தான் சொன்னாள். பத்ரிநாராயணனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது கபாலி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். வெறும் களைப்பு என்றான். அப்போது ஸ்ரீலக்ஷ்மி ஓடி வந்தாள். சுலோச்சனாவுக்குப் பயம் வந்துவிட்டது. வாசலில் ஒரு கிழவர் நீலமாகிப் போனதைச் சற்று முன்தான் பார்த்திருந்தாள். "பார்க்கறதுன்னா என் கண்ணு எதிர்க்க பாருங்க" என்று ஒரே நிபந்தனை போட்டாள். ஸ்கேன் எடுக்கும் அறைக்குள்ளும் கூடவே போய் நின்றாள். இருட்டில் டிவி மாதிரி ஒரு பெட்டியில் கபாலியின் இதயம் சோம்பலாக அசைந்துகொண்டிருந்தது. அதன் அடிமூலையில் ஒட்டிக்கொண்டு ஒரு ரத்தக்கட்டி ஆடிக்கொண்டிருந்தது. அது பிய்ந்து மூளைக்குப் போனால் கையும் காலும் போய்விடும், உயிரும் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னாளாம்.

"கண்ணால பார்த்தேன் பெரியவரே. இல்லாட்டி நம்பியிருக்க மாட்டேன்" என்றாள். பிறகும் அவள் முழுசாக நம்பிவிடவில்லை. கபாலி வார்டில் இருந்த அத்தனை நாளும், காலையில் வந்தவுடன் அவன் சட்டையைத் தூக்கி இரண்டு விலாவையும் தடவிப் பார்ப்பாள். தையல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பாள்.

ஜானு கட்டிலோரம் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துவிட்டுக் கோபப்பட்டாள்.

"லைப்ரரியாம் லைப்ரரி. மாத்திரையைப் போட்டுக்கலைதானே? எனக்குத் தெரியும். வெளியிலே போற அன்னிக்கெல்லாம் அட்டையிலே குறையறதே இல்லை. நான்தான் டாக்டருக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன். நீங்க வந்துட்டேள்னு வெச்சேன்."

"அந்த ராங் நம்பர்?"

"பின்னே வேறே யாரு? உங்ககிட்ட சொன்னா, டாக்டரும் நானும் சேர்ந்து சதி பண்றோம்பேள்."

ஸ்ரீலக்ஷ்மி கபாலியைப் பார்க்க வந்தபோது பத்ரிநாராயணன் கேட்டார். "எண் சொன்னது சரியாப் போச்சா?"

அவள் மறுத்துத் தலையை ஆட்டினாள். "எண் கட்டியைப் பத்திச் சொல்லலை சார். இதயம் ரொம்பச் சிரமப்படுதுன்னு மட்டும்தான் சொல்லுச்சு. கட்டியைத் தேடிப் பார்த்ததாலே கண்டுபிடிச்சோம். எண்ணே இல்லாம தேடியிருந்தாலும் கிடைச்சிருக்கும். இதை வெச்சு எண் நிஜம்னும் சொல்ல முடியாது, பொய்னும் சொல்ல முடியாது."

இருவரும் பிழைத்து வீடு போய்ச் சேர்ந்தார்கள். கபாலிக்கு ரத்தம் உறையாமல் இருக்க மருந்தும், இதயத்துக்குப் புதிதாக ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். விஷயம் அத்தோடு முடிந்தது என்று பத்ரிநாராயணன் நினைத்தார். அக்டோபரில் கிளினிக்குக்குப் போனபோது பெரிய டாக்டர் கூப்பிடுகிறார் என்றார்கள்.

வெங்கடரமணனின் அறையில் ஏசி குளிர் எலும்பில் ஏறியது. அவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். உட்காரச் சொன்னார், காபி வேண்டுமா என்றார். மரியாதை அதிகமாகும்போதே பத்ரிநாராயணன் உஷாராகிவிட்டார்.

"கபாலின்னு ஒரு பேஷண்ட். உங்க நண்பராமே. அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே ஜூலையிலே அட்மிஷனுக்குக் கூப்பிட்டிருக்காங்க. ஏன்னு எனக்குப் புரியலை. டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி உங்ககிட்ட ஏதாவது எண்ணைப் பத்திச் சொன்னாங்களா?"

"இல்லை."

"ஆகஸ்ட்ல நீங்க கதவைச் சாத்திண்டு ரொம்ப நேரம் பேசினதா நர்ஸ் சொல்றா."

"மலச்சிக்கல் சார். பொம்மனாட்டி டாக்டர்கிட்டே கதவைத் திறந்து வெச்சுண்டு எப்படிப் பேசறது?"

வெங்கடரமணன் சிரிக்கவில்லை. "மறுநாளே கபாலி வீட்டுக்குப் போயிருக்கேள்."

"மாசா மாசம் என்னை ஆத்துலே கொண்டுவிடற மனுஷன். வரலையேன்னு பார்க்கப் போனேன்."

பெரிய டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவரையே பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அந்த வித்தை பத்ரிநாராயணனுக்கு நன்றாகத் தெரியும். எதிரே இருப்பவர் பேசாமல் இருந்தால், பொய் சொன்னவனுக்கு வாய் துறுதுறுக்கும். ஏதாவது கூடுதலாகச் சொல்லி மாட்டிக்கொள்வான். அவர் பெரிய டாக்டரின் டையில் இருந்த கோடுகளைப் பார்த்துக்கொண்டு கம்மென்று உட்கார்ந்திருந்தார். இந்த மனிதர் ஆராய்ச்சி கெட்டுவிடக்கூடாதே என்று கேட்கிறாரா, அல்லது அவளைத் தள்ளிவிடக் காரணம் தேடுகிறாரா? அதைக் கடைசி வரை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"சரி, போயிட்டு வாங்கோ" என்றார் வெங்கடரமணன்.

வருஷம் முடிந்து ஃப்ரீசரில் இருந்ததையெல்லாம் அளந்தார்கள். எண்ணையும் ஆளையும் சேர்த்துப் பார்த்தார்கள். அடுத்த கோடையில் ஒருநாள் ஸ்ரீலக்ஷ்மி பத்ரிநாராயணனை உட்காரவைத்துச் சொன்னாள். எண் பெரிதாக இருந்தவர்களில் பெரும்பாலோர் இதயம் மோசமாகிப் படுத்துவிட்டார்கள், அல்லது போய்விட்டார்கள். பல்லாவரத்துக்காரருடையதும் பெரிதுதான். சின்ன எண்காரர்கள் அநேகமாக எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள்.

"அப்போ உங்க பரிசோதனை ஜெயிச்சுடுத்து."

"ஓரளவுக்கு. எல்லாரையும்விடப் பெரிய எண் கபாலியோடது. அவர் படுத்தது கட்டிக்காகன்னுதான் ஏட்டுல இருக்கு, இதயம் மோசமாகி இல்லை; இப்போ நல்லா இருக்கார். அதனாலே கணக்குப்படி எண் தோத்துப்போன இடம் அவர்தான். நான் நடுவுல புகுந்தேன்னு எங்கேயும் சொல்ல முடியாதே. அந்தத் தப்பு அப்படியே அதுல உட்கார்ந்திருக்கும்." அவள் குரலில் வருத்தமா, வேறு ஏதாவதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. "உங்க எண்ணைச் சொல்லட்டுமா சார்? இப்போ சொல்லலாம்."

"சொல்லுங்கோ."

"நடுவுல. ரொம்ப நல்லதும் இல்லை, ரொம்ப மோசமும் இல்லை."

பத்ரிநாராயணன் அவள் கண்ணைப் பார்த்தார். எத்தனையோ கண்களைப் பார்த்துப் பழகியவர். ஆனால் இவள் விதியை மீறியவள். ஒருவன் பிழைக்க வேண்டும் என்று உண்மையை மறைத்தவள். அப்படிப்பட்டவள், ஒரு கிழவனின் நிம்மதிக்காக இன்னொரு தரம் மறைக்க மாட்டாளா? அவளுக்காகப் பெரிய டாக்டரிடம் பொய் சொல்லத் தெரிந்த தனக்கு, இதைக் கேட்கும் யோக்கியதை இருக்கிறதா என்றும் தோன்றியது. நன்றி சொல்லிவிட்டு எழுந்தார்.

வாசலில் கபாலி வேப்பமர நிழலில் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான்.

"இன்னா சார் சொன்னாங்க?"

"நடுவுலயாம்."

"நடுவுலன்னா?"

"ரொம்ப மோசமில்லையாம்."

கபாலி கொஞ்சம் யோசித்தான். "நம்பிட்டியா?"

"இல்லை."

"எனுக்கு எல்லாம் சரியா பூட்ச்சுன்னாங்க. சுலோகிட்ட சொன்னேன். இன்னிக்கி காலைலகூட சட்டையத் தூக்கிப் பார்த்தா." சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான். "ஏறு சார். மெதுவா, கால பார்த்து வை."

அடையாறு பாலத்தில் கடல்காற்று எதிரே அடித்தது. பத்ரிநாராயணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து, முன் சீட்டில் இருப்பவனுடைய மூச்சுச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.